கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால்

கோட்டைத் தொட இரண்டு எட்டு இருக்கும்போது பாப்பாவின் கைகள் இன்றும் நெஞ்சுக்குப் போய்விட்டன. அதுவரை நன்றாகத்தான் ஓடி வந்தாள். கடைசி வளைவில் தோளைச் சாய்த்துத் திரும்பிய விதமும், நேர்ப்பாதையில் முழங்கால் எழும்பிய அழகும் பார்க்கக் கண் குளிர்ந்தது. பிறகு யாரோ அதட்டிச் சொன்னதுபோல இரண்டு கைகளும் வீச்சை விட்டுவிட்டு, சட்டையில் எண் குத்தியிருக்கும் இடத்தைப் பிடித்துத் தூக்கின. இன்றைக்கு அங்கே எண்ணே இல்லை. பயிற்சியாளர் அந்த எண் துணியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டைக் கடந்தவள், நாலைந்து அடி தள்ளிப் போய் நின்று, புல்லைக் காலால் உதைத்தாள்.

கோட்டுக்கு நேர் எதிரில் கேமராவோடு குந்தியிருந்த அவள் அண்ணி மெல்ல எழுந்தாள். பயிற்சியாளர் ஓட்டப்பாதையைக் குறுக்கே கடந்து அவளிடம் வந்தார். தொப்பியைக் கழற்றித் திருகினார். நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்வதில் கறார் மனிதர், மற்ற எதையும் சொல்லத் தடுமாறுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். காலையில ஓடும்போது இவ கை நேரா இருக்கு. சாயங்காலம் நீங்க வர்றப்பதான் இப்படி ஆவுது."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இருக்காது, தற்செயலாக இருக்கும் என்று ஏதோ மழுப்பினாள். அவரும் இருக்கலாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்கு வண்டியில் வரும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த பாப்பா, வழக்கம்போல அவள் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

பாப்பா படிக்கும் பல்கலைக்கழகத்தில் அண்ணி மக்கள் தொடர்பு அலுவலர். பெயர்தான் பெரிது; அலுவலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு கணினி, ஒரு கேமரா, கால் ஆடும் ஒரு மேசை. பல்கலைக்கழகம் மாநிலத்தின் ஒரு மூலையில், ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊரில் இருந்தது. அங்கே படித்தவர்கள் வேலை தேடித் தலைநகருக்குப் போனால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பார்களாம். துணைவேந்தரே ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது அவர் முன்னால் வைத்த பெயர்ப்பலகையில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அவர் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே எல்லாரையும் கூட்டிவைத்து, ஆராய்ச்சிக் கட்டுரையை யார் படிக்கிறார்கள், ஓட்டப்பந்தயத்தை எல்லாரும் பார்ப்பார்கள், இனிமேல் நம்மை ஊர் அறிவது மைதானத்தால்தான் என்று அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். வேலை அவள் தலையில் விழுந்தது.

அவளும் சும்மா சொல்லக்கூடாது, பம்பரமாகத்தான் சுழன்றாள். மாவட்டம் மாவட்டமாகப் பத்திரிகை அலுவலகங்களுக்கு வாராவாரம் விளையாட்டுச் செய்தி அனுப்பினாள். இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்று தெரிந்து, பல்கலைக்கழகத்தின் பெயரை முதல் வரியிலேயே வைத்து எழுதப் பழகினாள். பேருந்துகளின் முதுகில் விளம்பரம் ஒட்டவைத்தாள். பக்கத்து மாவட்டப் பள்ளிகளுக்குப் போட்டி நடத்தி, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பல்கலைக்கழகப் பெயர் போட்ட தொப்பி கொடுத்தாள். எல்லாம் ஆகியும் படத்தில் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஓடுகிறவர்களின் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே பெரிதாகப் பெயர் இருந்தது. போட்டி நடத்துகிறவர்கள் கொடுக்கும் எண் துணியை அதே நெஞ்சில், அந்தப் பெயரின் மேல்தான் குத்தியாக வேண்டும். பத்திரிகையில் படம் வரும். முகம் தெரியும், எண் தெரியும், யார் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் தெரியாது. வேறு சட்டை தைக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, தைத்து வைத்தது அத்தனையும் முதலில் கிழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாப்பா அவள் கணவனின் தங்கை. ஆயிரத்தைந்நூறு மீட்டரில் அந்தப் பக்கத்திலேயே அவளை அடிக்க ஆளில்லை. ஒரே வீட்டில் இருப்பதால் பயிற்சிக்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை. எண் துணியின் மேல்மூலைகள் இரண்டில் மட்டும் ஊசி குத்தி, கீழ்ப்பக்கத்தைக் குத்தாமல் விட்டுவிடுவது. கோட்டைத் தாண்டியதும் இரண்டு கையாலும் கீழ் ஓரத்தைப் பிடித்துத் திரை தூக்குவதுபோலத் தூக்குவது. உள்ளே இருக்கும் பெயர் கேமராவுக்குப் பளிச்சென்று விழும். பீரோ கண்ணாடி முன்னால் நாத்தனாரும் அண்ணியும் இதை எத்தனை சாயங்காலம் செய்து பார்த்திருப்பார்கள். பாப்பா இருந்த இடத்திலேயே ஓடுவாள், இவள் "இப்ப" என்பாள், பாப்பா தூக்குவாள். கையிலிருந்து ஊசி டப்பி கீழே விழுமளவுக்குச் சிரிப்பார்கள். கீழே வண்டி பழுது பார்க்கும் கடையிலிருந்து மாடியேறி வந்த அவள் கணவன், கையெல்லாம் எண்ணெயாக நின்று பார்த்துவிட்டு, ஓட்டத்துக்கு அனுப்பினேனா நாடகத்துக்கு அனுப்பினேனா என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாநிலப் போட்டியில் பாப்பா முன்னால்தான் வந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், தலைநகரிலிருந்து வந்த நெட்டைப் பெண். கோட்டுக்கு எதிரே அண்ணி கேமராவோடு குந்தியிருந்தாள். கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போதே பாப்பாவின் கைகள் வீச்சை விட்டன, துணி எழும்பியது, பெயர் தெரிந்தது, வேகம் ஒரு மூச்சு அளவுக்குக் குறைந்தது. அந்த மூச்சுக்குள் நெட்டை தாண்டிவிட்டாள். அந்தப் போட்டியில் முதலாவதாக வருகிறவளுக்கு மட்டும்தான் மாநில அணியில் நேரடி இடம். எத்தனையோ வருடம் காத்திருந்து எடுத்த படம் கேமராவுக்குள் கச்சிதமாக விழுந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே மாட்டேன் என்று அன்று நினைத்தாள்.

அவள் பார்க்காவிட்டால் என்ன, மாநிலமே பார்த்தது. யாரோ கைபேசியில் எடுத்த காட்சி வீடு வீடாகப் போயிற்று. முதலில் சிரித்தார்கள். தோற்கும்போதும் காலேஜ் பெயரைக் காட்டுகிறது பார் பைத்தியக்காரப் பெண் என்றார்கள். அப்புறம் என்ன தோன்றியதோ, அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக்காரர் அதைச் செய்து காட்டினார். சேர்க்கை விவரம் கேட்டு அழைப்புமேல் அழைப்பாக வந்து, மாடிப்படி அறைத் தொலைபேசி சூடாகிவிட்டது. துணைவேந்தருக்குத் தலைகால் புரியவில்லை. அவளை அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு தோத்துட்டான்னு மனச விட்றாதீங்கம்மா. ஊரே நம்ம பேரப் படிச்சிருச்சு. இதவிட என்ன வேணும்?"

அவளும் மனதை விடவில்லை. அங்கேதான் அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம். அந்த ஒரு வாரம் அவள் உள்ளூர மகிழ்ந்துதான் இருந்தாள். பாப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தபோது, இவள் கூடத்தில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரிலிருந்து அழைப்பு வந்தது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஒரு நாளும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் கணவனும் சொல்லவில்லை. யாராவது வாய்விட்டுத் திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

இப்போது கடைசி வாய்ப்பாக ஒரு தேர்வுப் போட்டி வருகிறது. அணியில் மிச்சமிருப்பது ஓர் இடம். பாப்பாவுக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அண்ணன் கடையில் ரசீது எழுதத்தான் உட்கார வேண்டும் என்று அவளே ஒருநாள் வேடிக்கைபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அந்தப் போட்டியைத் தங்கள் மைதானத்திலேயே நடத்த வேண்டும் என்று ஆறேழு பேரிடம் பேசிக் கொண்டுவந்ததும் அண்ணிதான். சொந்த மண்ணில் ஓடினால் ஜெயிப்பாள் என்று அப்போது தோன்றியது. கை இப்படிக் கட்டுப்பாட்டை விட்டுப் போகும் என்று யார் கண்டது.

பயிற்சியாளர் சொன்னது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மைதானத்து ஓரத்தில் ஈட்டியும் குண்டும் பூட்டி வைக்கும் அறைக்குள் போய் நின்றுகொண்டாள். துருவும் பழைய தோலும் கலந்த வாடை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பாப்பா வளைவில் திரும்பினாள், நேர்ப்பாதையில் வந்தாள், கோட்டைக் கிழித்துக்கொண்டு போனாள். கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இன்னொரு தடவை ஓடினாள். அப்போதும் அப்படியே. அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கேமராவோடு போய்க் கோட்டுக்கு எதிரே குந்தினாள். கைகள் நெஞ்சுக்குப் போயின.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனதும் ஒரு வகையில் நிம்மதியாக இருக்கும் என்பார்கள். அவளுக்கு அது வாய்க்கவில்லை. கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்தது இவ்வளவு ஆழமாகப் போய் உட்காரும் என்று அவள் நினைக்கவில்லை. பாடத்தில் எதைச் சொன்னாலும் காதில் வாங்காத பெண், இதை மட்டும் எலும்பில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துத் துணைவேந்தர் அலுவலகத்தில் வேலை மும்முரமாக நடந்தது. தேர்வுப் போட்டிக்குத் தலைநகரிலிருந்து படக்காரர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சியும் வருகிறது. மாணவர்கள் எல்லாரும் நெஞ்சில் ஒரு தாளைக் குத்திக்கொண்டு வர வேண்டும், பாப்பா தூக்கும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், தாளின் உள்பக்கம் பல்கலைக்கழகத்தின் பெயர். மைதானத்துக்கு நடுவில் இதற்கு ஒத்திகை வேறு நடந்தது. இயற்பியல் பேராசிரியர் ஒலிபெருக்கியில் "இப்போது" என்றார். ஆயிரம் தாள்கள் எழுந்தன. நான்கு பெரிய ஊர்களின் சாலைச் சந்திப்புகளில் விளம்பரப் பலகைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். படம் மட்டும்தான் பாக்கி. பாப்பா ஜெயித்தபடி தூக்கும் படம் என்றால் நல்லது, தோற்றாலும் பாதகமில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் பழக்க தோஷத்தில் உதட்டை இழுத்துவிட்டு, உடனே மேசைக்கடியில் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

அவள் துணைவேந்தரிடம் தனியாகப் போய்ச் சொல்லித்தான் பார்த்தாள். இந்தத் தடவை பொண்ணு ஓட மட்டும் ஓடட்டும் சார், தூக்கினால் வேகம் போகிறது என்றாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கோட்டைத் தாண்டிய பிறகு தூக்கச் சொல்லுங்கள் என்றார். அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம், கை கேட்கமாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னதும், இதென்ன பேச்சு என்பதுபோலப் பார்த்தார். அவரவர் கை அவரவர் சொன்னபடி கேட்காதா என்றார். அவள் வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் பாப்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கீழே கடையில் யாரோ வண்டியை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, நாளைக்கு நீங்க வராதீங்க."

அவள் துண்டை மடியில் வைத்தாள்.

"உங்க மேல கோவம்லாம் இல்ல. சத்தியமா இல்ல. உங்க முகத்தையும் கேமராவையும் சேத்துப் பாத்தா போதும், கை தானாப் போயிடுது. கண்ண மூடிட்டு ஓடிரலாமான்னுகூட நெனச்சேன்."

வேலையே அதுதானே, நான் இல்லாமல் எப்படி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் இல்லாவிட்டாலும் அங்கே பத்துக் கேமரா இருக்குமே என்பதைத்தான் சொன்னாள். பாப்பா தெரியும் என்று தலையாட்டினாள். அதை நினைத்துத்தான் சாப்பாடே இறங்கவில்லை என்றாள். அப்புறம் இருவரும் மிச்சமிருந்த துணிகளை மடித்து முடித்தார்கள்.

மைதானத்தில் படக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கயிறு கட்டுவது மக்கள் தொடர்பு அலுவலரின் வேலை. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. காலையில் வேலையாட்கள் வழக்கம்போலக் கோட்டுக்கு எதிரே கம்பு நட்டு வைத்திருந்தார்கள். வேலை என்பதால் வராமல் இருக்க முடியாமல் அவள் வந்து பார்த்தாள். கோட்டுப் பக்கம் போய் நின்றாள், திரும்பி நடந்தாள், மறுபடி போய் நின்றாள். பிறகு கம்புகளைப் பிடுங்கி, கோட்டைத் தாண்டி வெகு தூரம் கொண்டுபோய், அடுத்த வளைவு தொடங்கும் இடத்தில் நடச் சொன்னாள். ஓடி வருகிறவளுக்குக் கேமராக்கள் தெரியட்டும். ஆனால் அவை இருக்கும் இடத்துக்கு வந்து சேர, கோட்டை முழு வேகத்தில் தாண்டியாக வேண்டும். சரியாக வருமா என்று அவளுக்கே தெரியாது. பாப்பாவின் கை கோட்டைப் பார்த்து எழுகிறதா, கேமராவைப் பார்த்து எழுகிறதா என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. கேமரா என்று நம்பி அவள் கயிற்றைக் கட்டினாள்.

படக்காரர்கள் வந்ததும் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. தாடி வைத்த ஒருவர், இங்கே நின்றால் யார் முதலில் தாண்டுகிறார்கள் என்றே தெரியாதே, எதை எடுப்பது என்று கேட்டார். கோட்டுக்குப் பக்கவாட்டில் நடுவர்களின் கருவி இருக்கிறது, முடிவை அது பார்த்துக்கொள்ளும், அதை மறைக்கக்கூடாது என்று அவள் பாதி உண்மையும் பாதி பொய்யுமாகச் சொன்னாள். தொலைக்காட்சிக்காரர் கயிற்றைத் தாண்டப் பார்த்தார். அவர் முன்னால் போய் நின்றுகொண்டாள். மேடையிலிருந்து துணைவேந்தர் கையசைத்து என்னவென்று கேட்டது தெரிந்தது. அவள் வானத்தைக் காட்டி, வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்பதுபோலச் சைகை காட்டினாள். அவர் நம்பவில்லை. உதவியாளரை அனுப்பினார். உதவியாளர் பாதி மைதானம் வருவதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

ஓட்டம் தொடங்கியதும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றோரமாக இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்புக்கு நடந்தாள். நெட்டைப் பெண் வரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே இடம் கிடைத்தாயிற்று. ஆனால் அவள் ஊரிலிருந்தே இன்னொருத்தி வந்திருந்தாள், குள்ளமாக, முரட்டுக் காலோடு. இரண்டாவது சுற்றிலிருந்தே அவள் பாப்பாவை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தாள். உதவியாளர் மூச்சிரைக்க வந்து, சார் கயிற்றை முன்னால் கொண்டுபோகச் சொல்கிறார் என்றார். ஓட்டம் முடியட்டும் என்றாள். அவர் அங்கேயே நின்று கையைப் பிசைந்தார்.

மணி அடித்தது. கடைசிச் சுற்று. வளைவில் இருவரும் தோளோடு தோளாகத் திரும்பினார்கள். நேர்ப்பாதையில் பாப்பா கொஞ்சம் முன்னால் வந்தாள், குள்ளப் பெண் எட்டிப் பிடித்தாள். ஒலிபெருக்கியில் பேராசிரியர் தமிழையும் மறந்து கத்திக்கொண்டிருந்தார். யாரோ அவசரப்பட்டுத் தன் தாளைத் தூக்கிவிட, அவரைப் பார்த்து அடுத்தவர் தூக்க, பார்வையாளர் படிக்கட்டு முழுவதும் ஆயிரம் பெயர்கள் எழுந்துவிட்டன. அண்ணி கயிற்றை இறுகப் பிடித்தாள். அத்தனை பேரும் தூக்குவதைப் பார்த்தால் இவளும் தூக்கிவிடுவாளே. பாப்பாவின் வலது கை வீச்சில் ஒரு முறை தடுமாறியது. விலாவரைக்கும் வந்தது. "வேணாம், வேணாம்" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது உதவியாளருக்குக் கேட்டிருக்க வேண்டும், அவர் திரும்பிப் பார்த்தார்.

கை இறங்கியது. காற்றை வெட்டியது. மறுபடி வீசியது. அதற்கு மேல் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. கோடு எங்கே வந்தது, பாப்பா அதை எப்போது தாண்டினாள், பக்கத்தில் வந்தவள் எங்கே போனாள், ஒன்றும் தெரியாது. இரண்டு கைகள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன, நிற்காமல், குறையாமல், நேராக அவளை நோக்கி.

படக்காரர்கள் கயிற்றில் சாய்ந்துகொண்டு கத்தினார்கள். தூக்கும்மா, இப்பத் தூக்கு, ஒரு தடவ தூக்கு என்று தாடிக்காரர் கெஞ்சினார். பாப்பா தூக்கவில்லை. வேகத்தை அடக்க முடியாமல் கயிற்றையும் இழுத்துக்கொண்டு வந்து அண்ணியின் மேல் மோதினாள். கழுத்தில் தொங்கிய கேமரா இருவருக்கும் நடுவில் மாட்டி நெஞ்செலும்பில் இடித்தது. பாப்பாவின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூச்சிரைப்புக்கு நடுவே கேட்டாள்.

"மொதல்ல யாரு அண்ணி?"

"தெரியலடி."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் கோட்டப் பாக்கவே இல்ல, பாப்பா. உன் கையத்தான் பாத்தேன்."

பாப்பா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தோளில் புதைந்திருந்த முகத்திலிருந்து தெரியவில்லை. ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. நடுவர்கள் மூவரும் கோட்டருகே, யார் முதலில் தாண்டினார்கள் என்று பார்க்க, ஒரு சின்னத் திரையின்மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். மேடையிலிருந்து துணைவேந்தர் இறங்கி மைதானத்தின் குறுக்கே வேகமாக வந்துகொண்டிருந்தார். குள்ளப் பெண் புல்லில் மல்லாந்து கிடந்தாள். படிக்கட்டில் ஆயிரம் பேரும் தாளைத் தூக்கிப் பிடித்தபடி, இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.